பழைய புல்லட் 350: கிளட்ச் இழுக்கவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. உதவி தேவை

குமுளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி காஸ்ட் அயர்ன் புல்லட் 350, நாலு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வண்டிப்பெரியாறில் ஒருவரிடம் வாங்கினேன். வாங்கும்போதே கிளட்சும் பிரைமரி செயினும் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகிற செயின்) கழற்றி ஒரு சாக்கில் கிடந்தன. இங்கே ஒரு மெக்கானிக் சேட்டன் பூட்டிக் கொடுத்தார். உராய்வுப் பிளேட் மட்டும் புதிது, மற்றதெல்லாம் சாக்கில் இருந்தவை.

இப்போது பிரச்சினை இதுதான். கிளட்சை முழுசாகப் பிடித்தாலும் முதல் கியர் போடும்போது கரகரவென்று சத்தம், வண்டி முன்னால் நகர்கிறது. நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. சேட்டன் கேபிளை இறுக்கிக் கொடுத்தார், இழுப்பது, அதாவது பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாதது, கொஞ்சம் குறைந்தது. ஆனால் லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறினால், பென்ஸ்டாக் (மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும்) குழாய் தெரிகிற இடம் வருவதற்குள் எஞ்சின் கத்துகிறது, கிளட்ச் வழுக்கி வண்டி ஏறவில்லை. ஐட்லிங்கில் இடது பக்கம் டிங் டிங் என்று ஒரு சத்தமும் உண்டு. பிளேட் டூப்ளிகேட்டாக இருக்குமோ?

மலைக்காத்து

ஸ்பிரிங் போயிருக்கும். கனமான ஸ்பிரிங் மூன்று வாங்கிப் போடுங்கள், குட்டிக்கானம் வரைக்கும் பறக்கும்.

பழைய இரும்பு

தம்பி, ஸ்பிரிங் வாங்க ஓட வேண்டாம். கனமான ஸ்பிரிங் போட்டால் வழுக்குவது நிற்கலாம், இழுப்பது இன்னும் மோசமாகும், லிவரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும்.

இழுப்பதும் வழுக்குவதும் சேர்ந்து வந்தால் நான் பிளேட்டைச் சந்தேகப்பட மாட்டேன். முதலில் இருந்தது இழுப்பு மட்டும். அதற்குக் கேபிளை இறுக்கினார்கள். கேபிளில் ஆட்டம் இல்லாமல் போனதும் புஷ் ராடு (கிளட்சை விடுவிக்கும் கம்பி) பிரஷர் பிளேட்டை, அதாவது பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் வெளித் தட்டை, எப்போதும் தள்ளிக்கொண்டே நிற்கிறது. அதனால்தான் மலையில் வழுக்குகிறது. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இரண்டாவது நோய். ஆகவே வழுக்குவதை மறந்துவிட்டு, முதலில் ஏன் இழுத்தது என்று பாருங்கள்.

இடது பக்கக் கிளட்ச் மூடியைக் கழற்றுங்கள். இடது ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வெளியே வர வேண்டும், அப்புறம் நடுவில் ஒரே ஒரு நட். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆயில் கொட்டும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் கிளட்சைப் பிடிக்க, இன்னொருவர் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்த வேண்டும். பிரஷர் பிளேட் சுற்றும்போது ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா, ஒரு பக்கம் மட்டும் வெளியே வருகிறதா? அதைச் சொல்லுங்கள்.

குமுளிக்காரன்

அண்ணே, பார்த்தேன். நன்றாக ஆடுகிறது. ஒரு பக்கம் நல்ல இடைவெளி, எதிர்ப்பக்கம் பிளேட் பிரியவே இல்லை.

பழைய இரும்பு

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. மூன்று ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் கழற்றி, உள்ளே இருப்பதை வரிசையாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்க வேண்டும். இந்தக் கிளட்சில் ஸ்பிரிங்கை இவ்வளவு சுற்று, அவ்வளவு சுற்று என்று செட் பண்ணும் வேலை கிடையாது. ஸ்க்ரூ அந்தக் குழாயில் போய் முட்டும் வரை முழுக்க இறுக்க வேண்டும், அவ்வளவுதான். குழாயின் நீளம்தான் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை முடிவு செய்கிறது. அதனால் மூன்றும் ஒரே நீளம்தானா என்று பாருங்கள். ஸ்பிரிங்குகளையும் ஒரு கண்ணாடி மேல் நிற்க வைத்து, மேலே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் மூன்றையும் மாற்றுங்கள்.

குமுளிக்காரன்

ஸ்பிரிங் மூன்றும் சமம். குழாய் இரண்டுதான் இருக்கிறது! மூன்றாவது சாக்கிலேயே இல்லை. அந்த ஸ்க்ரூ மற்றதைவிட நன்றாக உள்ளே போயிருந்தது, அங்கே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

பழைய இரும்பு

சரி, அதுதான். நெருங்கிப் போன ஸ்பிரிங் அந்தப் பக்கத்தைத் தூக்க விடவில்லை. சேட்டனைக் குறை சொல்ல முடியாது, சாக்கில் இல்லாததை அவர் எங்கே போய்த் தேடுவார்.

கம்பம் லேத்

குழாயை எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். இருக்கிற இரண்டில் ஒன்றைக் கையில் கொடுங்கள், வெர்னியரில் அளந்து அதே நீளம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையும் சதுரமாக இருக்க வேண்டும், ஹேக்ஸா பிளேடில் அறுத்த முனை ஆகாது. இன்னொன்று: அந்தக் காலத்துப் புல்லட்டில் பெரும்பாலும் இன்ச் த்ரெட். கடைக்காரர் மில்லிமீட்டர் ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பார், அது இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும். பலவந்தம் பண்ணினால் த்ரெட் போச்சு.

பழைய இரும்பு

கிளட்ச் திறந்திருக்கும்போதே ட்ரம்மின் (பிளேட்டுகள் உட்காரும் வெளிக் கூடை) பள்ளங்களை விரலால் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்திருந்தால், பிளேட் அதில் மாட்டிக்கொண்டு பிரியாது. மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். ஆழமான வெட்டு என்றால் ட்ரம் மாற்ற வேண்டியதுதான்.

ட்ரம்மைக் கழற்றினால் ஒன்று நினைவில் வையுங்கள். பிரைமரி செயினில் லிங்க் பூட்டு கிடையாது, முழு வளையம். எஞ்சின் ஸ்ப்ராக்கெட், செயின், ட்ரம் மூன்றையும் ஒன்றாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். அப்புறம் செயினின் கீழே இருக்கும் ஸ்லிப்பரை (செயினைத் தாங்கும் பட்டை) வைத்து டென்ஷன் செட் பண்ணுங்கள். மேல் பக்கம் விரலால் அழுத்தினால் கால் இன்ச், அதாவது 6 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. எஞ்சினைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிக இறுக்கமோ அங்கே இந்த அளவு வையுங்கள். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுக்கமான இடத்தில் பேரிங் அழும்.

அந்த டிங் டிங் கிளட்ச் சத்தம் அல்ல என்று நினைக்கிறேன். அதே மூடிக்குள் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கிறது; அதன் ரோட்டார் (சுற்றும் பகுதி) எங்காவது ஸ்டேட்டரை (சுற்றாத காயில் பகுதி) உரசுகிறதா பாருங்கள். சுற்றிலும் 8 தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் எட்டு), அதாவது 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். ரோட்டார் காந்தம் என்பதால் இரும்பு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) ஒட்டிக்கொள்ளும், அதே தடிமனில் பிளாஸ்டிக் பட்டை வெட்டி நுழைத்துப் பாருங்கள். ரோட்டாரில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

குமுளிக்காரன்

குழாய் கடைந்து போட்டாயிற்று, பிரஷர் பிளேட் இப்போது நேராகச் சுற்றுகிறது. டிங் டிங்கும் நீங்கள் சொன்னதுதான், ஸ்டேட்டர் ஸ்டட் ஒன்றில் நட் தளர்ந்திருந்தது. கேபிளை எவ்வளவு விட வேண்டும்?

பழைய இரும்பு

ஹேண்டில் லிவர் பக்கம் கேபிளில் ஒன்றரை, இரண்டு மி.மீ. ஆட்டம் இருந்தால் போதும். அது கிடைக்கவில்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கம் புஷ் ராடு அட்ஜஸ்ட்மென்டைப் பாருங்கள். எஞ்சின் ஆஃப், கியரில் வைத்து, கிளட்சைப் பிடிக்காமல் வண்டியை முன்னால் தள்ளுங்கள். கம்ப்ரஷனில் நிற்காமல் நழுவிப் போனால் இன்னும் வழுக்குகிறது.

குமுளிக்காரன்

நிற்கிறது அண்ணே. கம்பம் போய்த் திரும்பி வந்தேன், மலை முழுக்க மூன்றாம் கியரை விட்டுக் கீழே போகவில்லை. ஆனால் மூடியிலிருந்து ஆயில் சொட்டுகிறது. நட்டை இன்னும் இறுக்கட்டுமா?

கம்பம் லேத்

வேண்டாம்! அதிகமாக இறுக்கினால் அலுமினிய மூடி நடுவில் உள்வாங்கும், ஓரம் தூக்கும், இன்னும் ஒழுகும். ரப்பர் வளையம் புதிது போடுங்கள், மூடியின் ஓரத்தைக் கண்ணாடி மேல் வைத்து நெளிவு இருக்கிறதா பாருங்கள், நட்டுக்குக் கீழே இருக்கும் வாஷரையும் மாற்றுங்கள்.

பழைய இரும்பு

ஆயிலையும் கவனியுங்கள். லெவல் ஸ்க்ரூவில் ஒழுகும் மட்டத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். 20டபிள்யூ40 போதும், டப்பாவில் ஜாஸோ எம்ஏ (ஆயிலில் ஓடும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தர முத்திரை) என்று இருந்தால் நல்லது. மைலேஜ் கூடும் என்று விற்கும் கார் ஆயில் வேண்டாம், அதில் இருக்கும் வழுவழுப்பு மருந்து புதுப் பிளேட்டையும் வழுக்க வைக்கும். ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு மட்டத்தைப் பாருங்கள். நீங்கள் ஊற்றியதைவிட ஏறியிருந்தால் எஞ்சின் ஆயில் கிராங்க் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது, அதற்கு ஆயில் சீல் மாற்ற வேண்டியிருக்கும்.