பிபிசி மைக்ரோ கையேடுகள்: ஸ்கேன் செய்வது எப்படி, எங்கே போடுவது?

பெஞ்ச் வாத்தியார்:
1984இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கும் பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் வந்தது. நான் இயற்பியல் ஆசிரியர் என்பதால் கம்ப்யூட்டர் அறையும் என் தலையில் விழுந்தது. மெஷின்களை எப்போதோ கழித்துவிட்டார்கள். புத்தகங்கள் மட்டும் என் அலமாரியில் இருக்கின்றன: சுருள் பைண்டிங் போட்ட யூசர் கைடு, சர்வீஸ் மேனுவல், அப்புறம் ஆசிரியர் பயிற்சியில் கொடுத்த சைக்ளோஸ்டைல் தாள்கள் ஒரு கட்டு. மகள் தன் ஆபீஸ் மெஷினில் ஸ்கேன் செய்து தருகிறேன் என்கிறாள். பைண்டிங்கை வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமாம். வெட்டலாமா? ஸ்கேன் செய்தபின் எங்கே போடுவது?

பழையபெட்டி:
சுருள் பைண்டிங்கில் வெட்ட என்ன இருக்கிறது சார்? சுருளைத் திருகிக் கழற்றினால் தாள் தாளாக வந்துவிடும். முடிந்ததும் திரும்பக் கோத்துவிடலாம்.

யூசர் கைடுக்கு அவசரமே இல்லை. நல்ல ஸ்கேன் ஏற்கெனவே கிடைக்கிறது, சர்வீஸ் மேனுவலும் அப்படித்தான். முதலில் அந்த சைக்ளோஸ்டைல் கட்டை எடுங்கள். இங்கிலாந்துக்காரர்கள் பிபிசி மைக்ரோவைப் பற்றித் துண்டுச் சீட்டுகூட விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் ஆசிரியர்களுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்கு உங்கள் கட்டு மாதிரி நாலு கட்டு மிஞ்சியிருந்தாலே பெரிய விஷயம்.

ஆபீஸ் மெஷின் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஒரு விபரீதத்தைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில மெஷின்களில் ஸ்கேன் செய்தால் தாளில் 6 என்று இருப்பது படத்தில் 8 என்று வந்தது. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளின் பிழை இல்லை, படமே மாறிவிட்டது. கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடுகிறது. ஜெராக்ஸ் பிறகு திருத்தம் வெளியிட்டது. இருந்தாலும் அந்த முறையைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் இன்னும் உண்டு. பிபிசி மைக்ரோவில் எஃப்இ60 என்பது நாம் வெளியிலிருந்து எல்இடி போன்றவற்றை இணைக்கும் யூசர் போர்ட்டின் முகவரி, எஃப்இ80 என்பது டிஸ்க் டிரைவை இயக்கும் டிஸ்க் கன்ட்ரோலரின் முகவரி. ஒரு இலக்கம் புரண்டால் எல்இடியை எரியவைக்கப் போன பையன் டிஸ்க் டிரைவை நோண்டிக்கொண்டிருப்பான்!

அதனால் "சிறிய பிடிஎஃப்" என்று இருக்கும் பட்டனைத் தொடவே வேண்டாம். வீட்டில் சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர் போதும். குறைந்தது 400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் என்ற படக் கோப்பாக. தெளிவான அச்சுப் பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளையும் குரூப் 4 என்ற சுருக்கமுறையும் சரி, அதில் எதுவும் இழக்காது. பழைய கம்ப்யூட்டர் கையேடுகளைச் சேர்த்து வைக்கும் பிட்சேவர்ஸ் தளத்தில் பல வருடங்களாக அப்படித்தான் செய்கிறார்கள். சைக்ளோஸ்டைல் மை மங்கியிருக்கும், அதைக் கிரேஸ்கேலில் (சாம்பல் நிற அளவுகளோடு) எடுங்கள். பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிளர் பின்னை இழுக்காமல், காலை நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

போடும் இடம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகம். தலைப்பு, ஆண்டு, எந்தப் பயிற்சியில் கொடுத்தது என்பதை அங்கே எழுதிவிடுங்கள். "ஸ்கேன்001" என்று கிடந்தால் யார் தேடினாலும் சிக்காது.

சட்டப்புள்ளி:
பதிப்புரிமை பற்றி யாரும் பேசவில்லையே. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு, அரசு வெளியீடென்றால் வெளியான ஆண்டிலிருந்து 60. இரண்டு கணக்கிலும் 80களின் தாள் இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது.

பழையபெட்டி:
உண்மைதான். உரிமையாளர் கேட்டால் ஆர்கைவ் அதை நீக்கிவிடும். சில சமயம் உரிமையாளர்களே அனுமதி தருவதும் உண்டு. சின்க்ளேர் கம்ப்யூட்டர்களின் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், 1999இல் அவற்றின் ரோம்களை (மெஷினுக்குள் நிரந்தரமாகப் பதிந்த மென்பொருள்) எமுலேட்டர்காரர்கள், அதாவது பழைய மெஷினைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதுபவர்கள், பகிர்ந்துகொள்ள விட்டது. பயிற்சித் தாளுக்கு யாரும் சண்டைக்கு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தயக்கமாக இருந்தால் இப்போது ஸ்கேன் மட்டும் செய்து இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். சட்டம் காத்திருக்கும், சைக்ளோஸ்டைல் தாள் காத்திருக்காது.

பெஞ்ச் வாத்தியார்:
நன்றி தம்பி. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் எல்லாம் நான் பென்சிலில் கிறுக்கியிருக்கிறேன், இரண்டு இடத்தில் அச்சிட்ட புரோகிராமையே திருத்தியும் இருக்கிறேன். அழித்துவிட்டு ஸ்கேன் செய்யட்டுமா?

பழையபெட்டி:
ரப்பரைத் தொடாதீர்கள் சார்! கிரேஸ்கேலில் எடுத்தால் பென்சிலும் விழும். எந்த வரியை ஏன் திருத்தினீர்கள் என்று விவரக் குறிப்பில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.