விடியற்காலையில் மட்டும் ட்ரிப் ஆகிறது: வலைக் கொட்டகை வயரிங், உதவி வேண்டும்

தங்கச்சிமடம்:
வீட்டுக் கொல்லையில் வலையும் ஐஸ் பெட்டியும் வைக்க ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறோம். சித்திரையில் வீட்டு போர்டிலிருந்து 60 அடிக்கு மண்ணுக்குள் பைப் போட்டு வயர் இழுத்தோம். இரண்டு எல்இடி பல்பு, ஒரு பிளக், அவ்வளவுதான். கச்சான் (மேல்காற்று) வீசிய மாதமெல்லாம் தொந்தரவு இல்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து விடியற்காலை 5 மணி வாக்கில் மெயினில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகிறது. வெயில் ஏறிய பிறகு தூக்கினால் நிற்கிறது. கொட்டகை எம்சிபியை (அந்த லைனுக்கான சுவிட்ச்) இறக்கி வைத்தாலும் விழுகிறது, அதுதான் புரியவில்லை. எலக்ட்ரீசியன் "கடலோரத்தில் இதெல்லாம் நிற்காது, கழற்றிட்டு நேரா கொடுத்துடலாம்" என்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார்.

மண்டபம்:
கழற்ற மட்டும் விடாதீங்க தம்பி. ஈரக்காலோடு மணலில் நின்று பிளக்கைத் தொடுகிற இடம் அது. ஆள் விழுவதற்குப் பதில் அது விழுகிறது.

எம்சிபி சிங்கிள் போலா என்று பாருங்கள். அது பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் கொட்டகை வரை சேர்ந்தே இருக்கும். அந்த நியூட்ரல் எங்கோ ஈரத்தில் எர்த்தைத் தொட்டால், வீட்டில் பிரிட்ஜ் இழுக்கும் கரண்டில் கொஞ்சம் மண் வழியாகத் திரும்பும். போனதும் வந்ததும் கணக்கு ஒத்துவராமல் ஆர்சிசிபி விழும். இன்றைக்கு மெயினை அணைத்துவிட்டு, கொட்டகைக்குப் போகும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் போர்டில் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். காலையில் விழவில்லை என்றால் கோளாறு அந்த லைனில்தான்.

கீழக்கரை:
பிளக் பெட்டி தகரமா? உப்பு படிந்த இடம் தானாகவே ஈரத்தை இழுக்கும், மழையே வேண்டாம், பனி போதும். மண்ணுக்குள் ஜாயின்ட் ஏதும் உண்டா?

தங்கச்சிமடம்:
அண்ணே, இரண்டு நாளாக விழவில்லை! பிளக் பெட்டியைத் திறந்தேன். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பெட்டி, மூலையெல்லாம் துரு. செம்பு நுனியில் பச்சைக் களிம்பு. நியூட்ரல் ஸ்குரூவுக்கும் எர்த் ஸ்குரூவுக்கும் நடுவில் வெள்ளையாக உப்புப் பொருக்கு, கூடவே இரண்டு பல்லி முட்டை. மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்டும் இருக்கிறது. வயர் பத்தாதபோது டேப் சுற்றி ஒட்டியது நான்தான், எலக்ட்ரீசியனைச் சொல்லிக் குற்றமில்லை.

மண்டபம்:
அப்போ வயரையும் மாற்றிவிடுங்கள். நடுவில் வெட்டில்லாத ஒரே நீளம், 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு, மூன்று கோர் கேபிள். பைப் இரண்டரை அடி ஆழத்தில் போகட்டும். பெட்டி மூடி போட்ட பிளாஸ்டிக், ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாத ரகம்). கேபிள் கீழிருந்து நுழையட்டும், மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் வயரோடு வழிந்து உள்ளே போகும். ஓலைக்குள் வயரைச் செருகாதீங்க, கம்பத்தோடு பைப்பில் ஏற்றுங்கள். கொட்டகைக்கு டபுள் போல் எம்சிபியும் தனி ஆர்சிசிபியும் போடுங்கள். வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னால் போட்டால் இரண்டும் சேர்ந்து விழலாம், மெயின் சுவிட்சிலிருந்தே தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் விடுமுன் 500 வோல்ட் மெகர் (வயர் உறையில் கசிவு உண்டா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கணும், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் விடக் கூடாது.

தங்கச்சிமடம்:
எங்கள் ஆளிடம் மெகர் இல்லையாம், ராமநாதபுரத்தில்தான் ஒருவரைப் பிடிக்கணும். அதுவரை லைன் கழன்றே கிடக்கும். அப்பா டார்ச் அடித்து வலை எடுக்கிறார், திட்டு எனக்கு.