8.6 அளவில் ஆடியும் 2012-ல் சுனாமி ஏன் வரவில்லை?

அலைவாய்க்கரை:

2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது 8.6. இரண்டுமே வடக்கு சுமத்ராவை ஒட்டிய கடலில்தான். முதலாவதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இரண்டாவதில் சென்னையில் கட்டடங்கள் ஆடின, எச்சரிக்கை விட்டார்கள், மாலைக்குள் விலக்கிக்கொண்டார்கள், கடல் தன்பாட்டுக்கு இருந்தது. வித்தியாசம் வெறும் அரைப்புள்ளிதானே? "2012-ல் வந்தது ரொம்ப ஆழத்தில், அதனால்தான்" என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. சரியா? கூடவே இன்னொரு சந்தேகம்: பூமி சூடாவதால்தான் நிலநடுக்கம் பெருகுகிறது என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

பாறையடுக்கு:

ஆழக் கதை தவறு. 2004-ல் குவியம், அதாவது முறிவு தொடங்கிய புள்ளி, சுமார் 30 கி.மீ. ஆழத்தில் இருந்தது, 2012-ல் 20 முதல் 25 கி.மீ. பின்னது இன்னும் கொஞ்சம் மேலேதான்.

அரைப்புள்ளியும் சின்ன விஷயமில்லை. இது மடக்கை அளவு என்பதால் ஒரு புள்ளி கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு, அரைப்புள்ளிக்கு ஐந்தரை மடங்கு. (செய்தித்தாள்கள் இன்னமும் "ரிக்டர்" என்றே எழுதுகின்றன; இந்த அளவு நிலநடுக்கங்களுக்கு ரிக்டர் முறையை யாரும் பயன்படுத்துவதில்லை, இப்போது தருவதெல்லாம் முறிந்த பரப்பையும் நகர்ந்த தூரத்தையும் வைத்துக் கணக்கிடும் திருப்புத்திறன் அளவு.) ஆனாலும் சுனாமி கிளம்ப 8.6 தாராளமாகப் போதும். 2012-ல் கிளம்பாததற்குக் காரணம் கடல்தரை நகர்ந்த திசை.

பூமியின் பாறை ஓடு தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நீளும் ஆழ்கடல் அகழியில் இந்தியத் தட்டு பர்மா குறுந்தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவே உராய்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும்போது மேல்தட்டின் விளிம்பும் கூடவே கீழே இழுபடும். ஒரு கோரைப்பாயின் ஓரத்தை உள்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள்; ஓரம் மடங்கும், சற்றுத் தள்ளிப் பாய் புடைக்கும். கையை எடுத்தால் ஓரம் துள்ளி வெளியே வரும், புடைத்த இடம் தாழும். 2004-ல் நடந்தது அதுதான். சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு எட்டு, பத்து நிமிடங்களில் பிடி விட்டது. அகழிப் பக்கம் கடல்தரை சில மீட்டர் எழுந்தது, அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதும் சேர்ந்து எழுந்தது. கிழக்கே தரை தாழ்ந்தது. தாழ்ந்ததற்குக் கண்கண்ட சாட்சி பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை. நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. எழுந்ததற்குச் சாட்சி வடக்கு அந்தமானின் மேற்குக் கரை. அங்கே பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து காய்ந்து செத்தன.

2012-ல் முறிந்தது அகழியே இல்லை. அதற்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, இந்தியத் தட்டின் உடம்புக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று குறுக்கான பல பிளவுகள் முறிந்தன. அங்கே பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நிலநடுக்கங்களில் இதுவே மிகப் பெரியது. இரண்டு மணி நேரத்தில் அதே வகையில் 8.2 ஒன்றும் வந்தது. தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் உள்ளங்கையைக் கீழிருந்து சட்டென்று மேலே தூக்கினால் நீர் குமிழும். அதே கையைத் தட்டையாக வைத்து அடித்தரையோடு தேய்த்தால் மேற்பரப்பு லேசாகச் சலனப்படும், அவ்வளவுதான். சுமத்ராவின் மெலாபோவில் பதிவான அலை சுமார் ஒரு மீட்டர்.

ஓதம்:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழும் இடம் என்றால் சுனாமி, பக்கவாட்டு என்றால் தப்பித்தோம் என்று யாரும் மனப்பாடம் செய்துவிட வேண்டாம். மூன்று உதாரணம் தருகிறேன்.

2005 மார்ச் 28, சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவு. அளவு அதே 8.6, அதே அமிழும் மண்டலம், மேல்நோக்கிய நகர்வுதான். கட்டடங்கள் விழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆனால் கடலைக் கடந்து வந்து தாக்கும் சுனாமி இல்லை. எழுந்த தரையில் பெரும்பகுதி நியாஸ், சிமெலு தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலுக்கும் அடியில் இருந்தது. தரை எழுந்தாலும் தூக்குவதற்கு மேலே தண்ணீர் வேண்டுமே!

2010 அக்டோபர் 25, அதே கரையை ஒட்டிய மெந்தாவாய்த் தீவுகள். வெறும் 7.8. ஆட்டம் மெதுவாக இருந்ததால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. முறிவு அகழியின் வாயருகே, ஆழ்கடலுக்கு அடியில், மேலோட்டமாக நடந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் அலையில் போனார்கள்.

2018 செப்டம்பர் 28, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள பாலு நகரம். 7.5, பக்கவாட்டு நகர்வு. ஆனாலும் குறுகலான விரிகுடாவுக்குள் சில நிமிடங்களில் சுனாமி வந்தது. கடலடி மண்சரிவுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஆக, எவ்வளவு தண்ணீர் எவ்வளவு வேகமாக இடம் பெயர்ந்தது என்பதுதான் கணக்கு. நிலநடுக்க அளவு அதை நேரடியாகச் சொல்லாது.

அலைவாய்க்கரை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கரையில் இருப்பவர் முதல் அறிவிப்பைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவது?

நூறுபாகம்:

முதல் அறிவிப்பில் வரும் அளவை நம்பி ஆசுவாசப்படாதீர்கள், அதுதான் முதல் பாடம். 2004-ல் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் கொடுத்த அளவு 8.0; ஒரு மணி நேரம் கழித்து 8.5. 9-ஐத் தொட இன்னும் பல மணி நேரம் ஆனது. முறிவு பத்து நிமிடம் ஓடும் நிலநடுக்கத்தில் முதலில் வந்துசேரும் குறுகிய அலைகளை மட்டும் வைத்து அளந்தால் அளவு ஓரிடத்துக்கு மேல் ஏறாது. நீண்ட அலைகளும் வந்தால்தான் முழு உருவம் தெரியும்.

நகர்வின் திசையைக் காட்டும் வட்டப்படம் இணையத்தில் பிறகு வரும், பார்க்கக் கடற்கரைப் பந்து போலிருக்கும். நடுவில் கறுப்பும் இரண்டு ஓரமும் வெள்ளையுமாக இருந்தால் மேல்நோக்கிய நகர்வு. கூட்டல் குறி போட்டு நாலாக வெட்டி, எதிரெதிர்க் கால்வட்டங்கள் கறுப்பாக இருந்தால் பக்கவாட்டு. இது புரிந்துகொள்ள உதவும். இதைப் பார்த்துவிட்டு ஓடலாமா இருக்கலாமா என்று முடிவெடுக்கக் கூடாது. அதற்கு ஹைதராபாத் இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் மையம்) அறிவிப்புதான். அங்குள்ள சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 முதல் இயங்குகிறது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானி மேலே உள்ள நீரின் எடை மாறுவதை உணர்ந்து, ஒலி வழியாக மிதவைக்கும், மிதவை செயற்கைக்கோளுக்கும் அனுப்பும். அலை உண்மையில் கிளம்பியதா என்பது அப்போதுதான் உறுதியாகும். 2012-ல் எச்சரிக்கை விட்டதையும் மாலையே விலக்கியதையும் சிலர் "தவறான எச்சரிக்கை" என்றார்கள். எனக்கு அது முறையான வேலையாகத்தான் படுகிறது.

நேரக் கணக்கு எளிது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 3,500 மீட்டர் ஆழத்தில் 185, அதாவது மணிக்கு சுமார் 670 கி.மீ. பத்து மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கி.மீ. சுமத்ரா அகழியிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நடந்தே ஊர் உள்ளே போய்விடலாம். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பி வருவதுதான் ஆபத்து. அடுத்தடுத்த அலைகள் பெரிதாகவும் இருக்கலாம், பல மணி நேரம் தொடரும்.

"கடல் உள்வாங்கினால் ஓடு" என்பது அரைகுறை அறிவுரை. 2004-ல் தரை எழுந்த பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. அதனால் தாய்லாந்துக்கு முதலில் பள்ளம் போனது, கடல் வற்றிக் காட்டியது. நம் பக்கமும் இலங்கைக்கும் முதலில் வந்தது முகடு. உள்வாங்குவதற்காகக் காத்திருந்தால் நேராக வெள்ளத்தைத்தான் பார்ப்போம்.

கடலில் இருக்கும் படகுகள் கரைக்கு விரையக் கூடாது. 100 பாகம், அதாவது 180 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் நிற்பது நல்லது. 2004-ல் ஆழ்கடலில் செயற்கைக்கோள் அளந்த உயரம் 60 சென்டிமீட்டர்தான். அது 100 பாகத்தில் ஏறக்குறைய 1.3 மீட்டராகும், அதுவும் பத்து நிமிட அளவில் மெல்ல ஏறும். படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. துறைமுக வாயில்தான் படகைப் புரட்டும் இடம்.

பாறையடுக்கு:

கடைசிக் கேள்வி விட்டுப்போனது. தட்டுகளை முக்கியமாக இழுப்பது குளிர்ந்து கனத்து உள்ளே அமிழும் தட்டின் எடையே. வளிமண்டலம் ஓரிரு டிகிரி சூடாவது அதைத் தொடாது. பனி உருகிச் சுமை நீங்கினால் தரை மெல்ல எழும், பழைய பிளவுகள் முறியும் என்பது உண்மை. வடக்கு சுவீடனில் சுமார் 150 கி.மீ. நீளப் பார்வி பிளவு பனியுகம் முடிந்த பிறகு அப்படி முறிந்ததுதான். ஆனால் அங்கே கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி இருந்தது. சுமத்ரா அகழிக்கு அந்தக் கதை பொருந்தாது.

திருப்பியும் கேட்பார்கள்: எரிமலைகள்தானே கரியமில வாயுவைக் கக்குகின்றன என்று. உலக எரிமலைகள் எல்லாம் ஓராண்டில் விடுவது, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து நாம் விடுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குகூடத் தேறாது. இந்த இரண்டு விஷயங்களும் சந்திக்கும் இடம் கடல்மட்டம். 1901-க்குப் பிறகு உலகச் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அடுத்த சுனாமி எப்போது வந்தாலும் அந்த ஏற்றத்தின் மேலிருந்துதான் கரையேறும்.