ஃப்ளோபேக்குக்குத் தமிழ்: மீள்நீரா, எக்குநீரா, எதுக்களிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தொகுப்பு ஒன்றில், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஷேல் என்னும் படிவுப்பாறையிலிருந்து எடுக்கும் எரிவாயு பற்றிய இயல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூலத்தில் கிணற்றிலிருந்து வரும் நீருக்கு ஃப்ளோபேக், புரொடியூஸ்டு வாட்டர், பிரைன் (உப்பு மிகுந்த நீர்) என்று மூன்று சொற்கள். முன்வரைவில் மூன்றுக்கும் 'கழிவுநீர்'தான். பொதுப்பகுதியில் அது ஓடிவிடும்; ஒகையோ மாநிலச் சட்டத்துக்கு வந்தால் உதைக்கிறது. பழைய வகைக் கிணற்று பிரைனை, உள்ளாட்சி தீர்மானம் போட்டால், புழுதி அடங்கவும் பனிக்கட்டி உருகவும் சாலையில் தெளிக்கலாம். ஃப்ளோபேக்கைத் தெளிக்கக் கூடாது. கிடைத்துளைக் கிணற்று பிரைனுக்கும் அனுமதி இல்லை. 'கழிவுநீரைத் தெளிக்கலாம், கழிவுநீரைத் தெளிக்கக் கூடாது' என்றா எழுதுவது?

— ந.

> மூன்றுக்கும் 'கழிவுநீர்'தான்

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். கிணறு செங்குத்தாக இறங்கி, மார்செல்லஸ் என்னும் ஷேல் அடுக்குக்குள் கிடையாகத் திரும்பி ஒரு மைல், இரண்டு மைல் ஓடும். அந்த நீளத்தைக் கட்டம் கட்டமாக அடைத்து, குழாயில் துளையிட்டு, மணலும் வழுக்குப்பொருளும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். தொடக்ககாலக் கிணறுகளுக்கே 40, 50 லட்சம் காலன் ஆனது. இன்றைய நீளக் கிணறுகளுக்கு ஒரு கோடியைத் தாண்டும். அடைப்புகளை உடைத்துக் கிணற்றைத் திறந்ததும் முதல் சில வாரங்களில் திரும்பி வருவது ஃப்ளோபேக். மார்செல்லஸில் உள்ளே போனதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். மீதியைப் பாறை குடித்துவிடும். பிறகு வாயுவோடு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது புரொடியூஸ்டு வாட்டர். இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க இயற்கை இடம் தரவில்லை. கணக்குக்காகத்தான் பிரிக்கிறார்கள்.

என் வாக்கு: ஃப்ளோபேக், ஃப்ளோபேக்காகவே இருக்கட்டும். களத்தில் வேறு சொல் செல்லாது.

— செ.

செ. ஐயா ஆய்தத்தை வதைப்பதில் வல்லவர். 'எக்கு' என்னும் வினை இருக்கையில் நமக்கென்ன குறை? பம்புக்கு 'எக்கி' என்றோம். அலை எக்கிக் குவித்த மணலை நெய்தல் பாட்டுகள் 'எக்கர்' என்கின்றன. கிணறு எக்கித் தள்ளுவது எக்குநீர். செலுத்திய மணலில் கொஞ்சம் கூடவே திரும்பும் என்றால் பொருத்தம் இரட்டிப்பு. பிரைனுக்கு 'அளநீர்'. அளம் என்றால் உப்பளம். உப்பு வணிகரான உமணர் வண்டி பூட்டிய காலத்துச் சொல்.

— த.

ஐயா, அந்த இயலில் பக்கத்துக்குப் பக்கம் 'எஃகுக் குழாய்' வருகிறது. எஃகுக் குழாயில் எக்குநீர் என்றால் மெய்ப்புத் திருத்துபவர் ஓடிவிடுவார்.

— ந.

'அள' என்று கண்டால் கண் 'அளவு' என்றுதான் படிக்கும். 'உவர்நீர்' என்று யாராவது எழுதுமுன் அதையும் தடுத்துவிடுகிறேன். உவர்நீர் என்றால் நமக்கு இறால் பண்ணை, கடலை விட உப்புக் குறைந்த நீர். கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மி.கி. உப்பு. மார்செல்லஸில் முதல்நாள் நீர் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வாரங்கள் போகப்போக லட்சத்தைத் தாண்டி 2 லட்சம் வரை ஏறும். என் பரிந்துரை 'செறியுப்புநீர்'.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. பென்சில்வேனியாவில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலநீரையும் திரும்பி வரும் இந்த நீரையும் கலந்து அடுத்த கிணற்றுக்குப் பயன்படுத்துவதுண்டு. சுரங்கநீரின் சல்பேட்டும் இதிலுள்ள பேரியமும் சேர்ந்தால் பேரைட் என்னும் கரையாத உப்பு வெள்ளையாகப் படியும். ரேடியமும் அதோடு இறங்கும். தொட்டியில் படிந்தால் சேற்றை அள்ளலாம், ஆனால் குப்பைமேட்டு வாசலில் கதிரியக்கக் கருவி கூவும். கிணற்றுக்குள் படிந்தால் பிளவே அடைத்துக்கொள்ளும். உப்பு மிகுந்தால் வழுக்குப்பொருளும் சரியாக வேலை செய்யாது. எக்கிகளுக்குச் சுமை ஏறும். (த. ஐயா, எக்கியை ஏற்றுக்கொண்டேன்.)

— வ.

மாணவர்க்குப் புரியவேண்டும் என்றால் 'எதுக்களிப்பு நீர்' போதுமே. பால் குடித்த குழந்தை கொஞ்சம் எதுக்களிக்கும், மீதி வயிற்றில் தங்கும். செ. சொன்ன பத்தில் ஒரு பங்கும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று. 'வெளியேற்றுநீர்' மட்டும் வேண்டாம். நம் வாசகர் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை நினைப்பார். அது நிலக்கரிப் படுகை. அங்கே முதலில் நீரை இறைத்தால்தான் வாயு வரும். ஷேலில் முதலில் நீர் உள்ளே போகிறது. பேசாமல் 'நச்சுநீர்' என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

— ஜோ.

'நச்சுநீர்' சட்ட இயலில் பொய்யாகும். எண்ணெய், எரிவாயுக் கிணற்றுக் கழிவுகளை அபாயக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. 1988-இல் முடிவெடுத்தது. அது சரியா என்பது வேறு சண்டை. நஞ்சு என்று நாமே பெயரில் எழுதிவிட்டால் அந்தச் சண்டையே மாணவருக்குத் தெரியாமல் போகும்.

கட்டுப்பாடு வேறு வழியில் வந்தது. நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த உப்பைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டன. அதிலிருந்த புரோமைடு, ஆற்றின் போக்கில் கீழே உள்ள குடிநீர் ஆலைகளில் குளோரினோடு சேர்ந்து தீய துணைப்பொருள்களைத் தந்தது. 2011 மே 19-க்குள் நிறுத்தும்படி பென்சில்வேனியா கேட்டுக்கொண்டது, 2016-இல் இ.பி.ஏ. விதியாகவே தடுத்தது. பென்சில்வேனியாவில் ஆழ்கிணற்றில் புதைக்கும் வசதி குறைவு, ஆகவே லாரிகள் ஒகையோவுக்கு ஓடின. அங்கே யங்ஸ்டவுனில் 2011 டிசம்பர் 31-இல் ஏறத்தாழ 4 அளவில் நிலம் நடுங்கியது, அப்படி ஒரு கிணற்றின் அருகில். இந்தப் பத்தி முழுவதும் 'எதுக்களிப்பு' என்று படித்துப் பாருங்கள், ஜோ.

— செ.

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

— ஜோ.

நாள் நெருங்கிவிட்டது. ஃப்ளோபேக்குக்கு 'மீள்நீர்', புரொடியூஸ்டு வாட்டருக்கு 'உடன்வருநீர்', பிரைனுக்கு வ. அம்மாவின் 'செறியுப்புநீர்'. முதல் இடத்தில் 'ஃப்ளோபேக் எனப்படும் மீள்நீர்' என்று எழுதி, பிறகு மீள்நீர் மட்டும். மறுப்பு இருந்தால் நாளை காலைக்குள்.

— ந.

சம்மதம்.

— வ.

'மீள்' என்றால் போனதே மீள்கிறது என்று ஆகும். வரும் உப்பில் பெரும்பகுதி பாறையுடையது. ஆனாலும் விடுகிறேன்.

— செ.

மறுப்பைப் பதிவு செய்கிறேன். எக்குநீர் என்றாவது ஒருநாள் வரும்.

— த.

அட்டவணையில் 'பீப்பாய்' என்று கிடக்கிறதே, 42 அமெரிக்க காலன் என்று அடிக்குறிப்பு போட்டீர்களா? இல்லையென்றால் லிட்டராக மாற்றும்போது கணக்கு குளறும்.

— ஜோ.