சிறு வடிநிலம்: மூன்று மாதிரிகளிலும் வெள்ள உச்சம் ஒரு நாள் தள்ளி வருகிறது

ஓடைக்கரை:
வணக்கம். தென்காசிப் பக்கம் மலைச்சரிவில் ஏறத்தாழ 140 ச.கி.மீ வடிநிலம் (ஓர் ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் பரப்பு). மழையிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகளான ஜி.ஆர்.4ஜே, ஸ்வாட், ஹெச்.இ.சி-ஹெச்.எம்.எஸ் மூன்றையும் தினசரிப் படியில் (நாளுக்கு ஒரு கணக்கு) ஓட்டி ஒப்பிடுகிறேன். மழை, இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவு. நீரோட்டம், தானியங்கி நீர்மட்டமானியின் மணிவாரிப் பதிவை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை சராசரி எடுத்தது. நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (கணக்கிட்ட ஓட்டம் அளந்ததோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) முறையே 0.61, 0.44, 0.17. மூன்றிலும் உச்சம் அளந்ததைவிட ஒரு நாள் பிந்துகிறது. ஹெச்.எம்.எஸ் ஜூனில் பரவாயில்லை, நவம்பரில் இரண்டு மடங்கு காட்டுகிறது. பேசாமல் ஜி.ஆர்.4ஜேயையே வைத்துக்கொள்ளலாமா?

மழைமானி:
உச்சம் பிந்துவது தேதிக் கோளாறு. அந்தத் தரவில் 12ஆம் தேதி மழை என்றால் 11 காலை 8.30 முதல் 12 காலை 8.30 வரை பெய்தது. இந்த அளவு மலை ஓடையில் மாலை மழை அன்றிரவே வடிந்துவிடும்; வெள்ளம் 11ஆம் தேதியில், அதன் மழை 12ஆம் தேதியில் பதிவாகும். எந்த அளவுருவைத் திருகினாலும் மழைக்கு முன்னால் வெள்ளம் வராது. மணிவாரிப் பதிவுதான் கையில் இருக்கிறதே, ஓட்டத்தையும் காலை 8.30ஐ ஒட்டி வெட்டிச் சராசரி எடுத்து, முடிவுத் தேதியைப் போடுங்கள்.

வடிகால்:
நவம்பர் விஷயம்: ஹெச்.எம்.எஸ்ஸில் இழப்புக்கு (மழையில் ஓடாமல் மண்ணில் தங்கும் பங்குக்கு) எஸ்.சி.எஸ் வளைவு எண் முறையா? அது ஒற்றை மழைநிகழ்வுக்கான முறை. தொடக்க நாளிலிருந்து மழையைக் கூட்டிக்கொண்டே போகும், நடுவில் மண் காய்ந்தது அதற்குத் தெரியாது. எண் 75 என்றால் தேக்கத் திறன் (மண் பிடித்துவைக்கக்கூடிய நீர்) 84.7 மி.மீ. மொத்த மழை 600 மி.மீ ஆனபின் விழுவதில் 98 விழுக்காடு அப்படியே ஓடிவிடும். மண்ணின் ஈரப் பற்றாக்குறையைத் தொடர்ந்து கணக்கு வைக்கும் டெஃபிசிட் அண்ட் கான்ஸ்டன்ட் முறைக்கு மாறுங்கள். கூடவே சிம்பிள் கேனோபி (செடிகொடிப் போர்வைக்கான எளிய கூறு) வைத்து, வானிலைப் பகுதியில் ஆவியுயிர்ப்பும் (மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் ஆவியாகும் நீர்) கொடுக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. கேனோபி இல்லாவிட்டால் மண்ணிலிருந்து நீரை எடுக்க வழியில்லை, பழைய கதைதான்.

ஜி.ஆர்.4ஜேயில் எக்ஸ்2 (வடிநிலத்துக்கு வெளியோடு நடக்கும் நீர்ப் பரிமாற்றத்துக்கான அளவுரு) எவ்வளவு வந்தது?

ஓடைக்கரை:
வளைவு எண்தான், 75ஐ ஒட்டி. எக்ஸ்2 +3.4. ஸ்வாட் ஆண்டு மொத்தத்தில் 30 விழுக்காடு குறைவு.

வடிகால்:
அப்படியானால் 0.61ஐ நம்பாதீர்கள். எக்ஸ்2 நேர்மதிப்பு என்றால் மாதிரி வெளியிலிருந்து தண்ணீர் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் மழைத் தரவின் பற்றாக்குறையை அது அப்படி ஈடுகட்டிவிட்டது. ஸ்வாட்டுக்கு அந்த வசதி இல்லை, உள்ளதைச் சொல்கிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 750 ச.கி.மீ. முகட்டு மழையும் சமவெளி மழையும் அதில் கலந்துபோகின்றன. மேலே எஸ்டேட் மழைமானி ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள். ஸ்வாட்டில் மட்டும் உயர அடுக்கு பிரித்து மழையை ஏற்றிச் சமாளிக்க வேண்டாம். மழையை வெளியிலேயே திருத்தி மூன்றுக்கும் ஒரே கோப்பைக் கொடுங்கள், இல்லையேல் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

மழைமானி:
நாஷ் மதிப்பு பெரிய வெள்ளங்களுக்கே சாயும். ஓட்டத்தின் வர்க்கமூலத்துக்கும் ஒருமுறை கணக்கிட்டால் கோடைகால அடியோட்டத்தில் (மழையில்லாதபோது நிலத்தடியிலிருந்து ஊறி வரும் ஓட்டம்) எது தேறுகிறது என்று தெரியும். உங்களுக்கு வேண்டியது உச்ச வெள்ளம் என்றால் தினசரிப் படியே ஆகாது; மணிவாரி மழை தேடிப் பிடித்து ஹெச்.எம்.எஸ்ஸை மணிப் படியில் ஓட்டுங்கள்.