அந்திக்கிறிஸ்து பாடம்: எந்த வசனத்தில் தொடங்குவது?

கேள்வி (கோத்தகிரி):
ஸ்தோத்திரம். எஸ்டேட் லைன் வாலிபர்களுக்கு ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் வீதம் நான்கு வாரம் அந்திக்கிறிஸ்து பாடம் எடுக்கணும். 'அந்தி'ன்னா சாயங்காலம்தானே, கடைசிக்காலத்தில் வருவதால்தான் இந்தப் பேரா என்று கேட்கிறார்கள். வெளிப்படுத்தல் 13:18 சொல்லும் மிருகத்தின் எண் 666 பார்கோடில் ஒளிந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வீடியோவும் சுற்றுகிறது. வெளிப்படுத்தல் 13-ல் தொடங்கலாமா?

பதில் (குன்னூர்):
வேண்டாம் பிரதர். அந்தச் சொல் வெளிப்படுத்தலில் எங்குமே இல்லை, தானியேலிலும் இல்லை. 1 யோவான் 2:18, 2:22, 4:3, 2 யோவான் 7, அவ்வளவுதான். அதிலும் 2:18-லேயே 'அநேக அந்திக்கிறிஸ்துகள்'. சபையைவிட்டுப் பிரிந்துபோய், இயேசு மாம்சத்தில் வந்ததை மறுத்தவர்கள் அவர்கள்.

இந்த 'அந்தி' தமிழ்ச் சொல்லே அல்ல, கிரேக்க முன்னொட்டு. எதிராக, பதிலாக என்று பொருள். திருவிவிலியத்தில் 'எதிர்க் கிறிஸ்து' என்றே இருக்கும். இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்க, பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

முதல் வாரம் யோவான் நிருபங்கள். அடுத்து 2 தெசலோனிக்கேயர் 2-ன் 'பாவமனுஷன்'. மூன்றாவது தானியேல் 7, 11. வெளிப்படுத்தல் 13 கடைசியில். எல்லாம் ஒரே ஆள் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு யாரும் வசனத்தைக் கவனிக்க மாட்டார்கள். 13-ல் மிருகம் இரண்டு என்பதே பலருக்குத் தெரியாது. சமுத்திரத்திலிருந்து ஒன்று, பூமியிலிருந்து ஒன்று. மனுஷரின் வலதுகையிலோ நெற்றியிலோ முத்திரை போடவைப்பது இரண்டாவது. இவற்றை ஒருவனாக இணைத்து வாசிப்பது 2-ம் நூற்றாண்டில் சபைப் பிதா ஐரேனியு காலத்திலேயே உண்டு. அதையும் சொல்லுங்க, ஆனால் இணைப்பு என்றே சொல்லுங்க.

பதில் (ஊட்டி):
கணக்கில்தான் வகுப்பு குழம்பும். மாதத்துக்கு 30 நாள் வைத்தால்தான் வெளிப்படுத்தலில் வரும் 42 மாதம் 1260 நாளாகும். 365 நாள் வருஷத்தை மூன்றரையால் பெருக்கினால் 1277½ வரும், பொருந்தாது. தானியேல் 12-ன் 1290, 1335 ஆகியவற்றை இதற்குள் திணிக்காதீங்க.

தானியேல் 11-க்கு கி.மு. 167 அவசியம். சீரிய அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய வருஷம் அது. ஆனால் மத்தேயு 24:15-ல் இயேசு, தானியேல் சொன்ன அதே 'பாழாக்குகிற அருவருப்பை' இனி வரப்போவதாகச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே காட்டணும்.

666-க்குப் பலகையில் கூட்டிக் காட்டலாம், எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரான 'நேரோன் கேசர்' எபிரெய எழுத்தில்: 50+200+6+50, 100+60+200. கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த எண்ணே இருக்கிறது. நீரோவோடு முடிந்ததா, இனி ஒருவன் வருவானா என்பதில் சபைகள் வேறுபடும். அதை மறைக்க வேண்டாம்.

பதில் (கொடைக்கானல்):
பார்கோடு விஷயம். இரு ஓரத்திலும் நடுவிலும் நீளும், வீடியோ மூன்று 6 என்று காட்டும் ஜோடிக் கோடுகள் ஸ்கேனருக்கு எல்லை காட்டுபவை, எண் அல்ல. வலது பாதியில் வரும் 6-ன் கோடும் அதேபோல் இரண்டு மெல்லிய கோடுதான், ஆனால் பின்னால் வரும் வெற்றிடத்தோடு சேர்த்து 7 அலகு அகலம். ஓரக்கோடு 3, நடுக்கோடு 5. ஒரு சோப்பு அட்டையைப் பெரிதாகப் பிரதியெடுத்து எண்ணச் சொல்லுங்க பிரதர்.

ஆதார்தான் அந்த முத்திரையோ என்று பயப்படும் பிள்ளைகளுக்கு 13:15 முக்கியம்: அங்கே கேள்வி யாரை வணங்குகிறாய் என்பது. வலதுகை, நெற்றி என்றதும் உபாகமம் 6:8-ஐத் திருப்புங்க. 13:18-ல் நிறுத்தாமல் 14:1-ஐயும் அதே மூச்சில் வாசிங்க. அங்கேயும் நெற்றியில் ஒரு நாமம் இருக்கிறது, பிதாவின் நாமம். நடுவில் அதிகார எண் நிற்பதால் பல பேர் அதைப் பார்ப்பதே இல்லை.