ஹைஸ்கூலை முடிக்க ஒரு வழிகாட்டி போதுமா?

சுடர் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் வருகிற செப்டெம்பரில் ஒரு வேலை தொடங்கப் பேச்சு நடக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் தடுமாறுகிற முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பல்கலைக்கழக மாணவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவது. சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் சந்திப்பு. வீட்டுப்பாடம், கதை, இடைக்கிடை கிரிக்கெட். இருபதினாயிரம் டொலர் வரை சேர்க்கலாம் என்று பொருளாளர் சொல்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் உடனே செய்வோம் என்கிறார்கள், மற்றவர்கள் வீண் செலவு என்கிறார்கள்.

நான் செய்யவேண்டும் என்ற பக்கம். பிள்ளைகள் ஹைஸ்கூலை முடிக்க உதவுவதற்காக ரீஜன்ட் பார்க்கில் 2001இல் தொடங்கிய பாத்வேஸ் டு எடியூகேஷன் திட்டத்தைப் பாருங்கள். அப்போது ரொறன்ரோவின் மிக வறிய குடியிருப்புகளில் ஒன்று அது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஹைஸ்கூலை முடிக்காமல் நின்றுகொண்டிருந்த இடம். அங்கே ஒரு சமூகச் சுகாதார நிலையம் தொடங்கிய திட்டம் இன்று கனடாவின் பல நகரங்களில் நடக்கிறது. அவர்களால் முடிந்தது ஏன் எங்களால் முடியாது?

வன்னியன்

சுடர், நான் எதிர்ப்பக்கம். பாத்வேஸ் பெயரைச் சொல்லி நீங்கள் தொடங்கப்போவது பாத்வேஸ் இல்லை.

அங்கே வழிகாட்டி என்பது நாலில் ஒரு பங்குதான். மற்ற மூன்றையும் பாருங்கள். வாரநாட்களில் பின்னேர ரியூசன். மார்க் குறைந்தால் கட்டாயம் வரவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சம்பளம் வாங்கும் ஒரு உதவியாளர். பள்ளிக்கூடத்தோடும் பெற்றோரோடும் கதைப்பது, வருகைப் பதிவைப் பார்ப்பது அவருடைய வேலை. கடைசியாகக் காசு. ரீஜன்ட் பார்க்குக்குள் ஹைஸ்கூலே இல்லாதபடியால் பஸ் ரிக்கெற் கொடுத்தார்கள், அதையும் வருகையோடு கட்டினார்கள். மேற்படிப்புக்கென்று ஆண்டுக்கு 1,000 டொலர், மொத்தம் 4,000 டொலர் வரை ஒதுக்கி வைத்தார்கள். பிள்ளையும் பெற்றோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத்தான் சேரலாம்.

அப்போதே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 3,500 டொலர் செலவானது. உங்கள் இருபதினாயிரத்தில் ஆறு பிள்ளைகளைக்கூடப் பார்க்க முடியாது. அப்போது மிஞ்சுவது என்ன? சனிக்கிழமை, கதை, கிரிக்கெட். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு கிரெடிட்கூட (ஒரு பாடத்தில் தேறினால் கிடைப்பது) வராது.

தேன்மொழி ரீச்சர்

வன்னியன், கடைசி வரியை நான் ஏற்கமாட்டேன். ஒன்ராறியோவில் ஹைஸ்கூலில் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

டிப்ளோமாவுக்கு என்ன தேவை? முக்கியமாக 30 கிரெடிட், எழுத்தறிவுத் தேவை (பொதுவாக ஒரு சோதனை), 40 மணிநேரத் தொண்டு. இதைப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் வாரத்திலேயே சொல்கிறோம். ஆனால் வீட்டுக்கு அது போய்ச் சேருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடம் போய்விட்டால் பத்தாம் வகுப்பு முடிவில் 16 கிரெடிட்டுக்குப் பதில் 14 தான் இருக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கைத்தான் கவனிப்போம். பின்தங்கிய பிள்ளை முடிக்காமல் போகும் வாய்ப்பு அங்கேயே தெரிந்துவிடும். பெற்றோருக்கோ பன்னிரண்டாம் வகுப்பில், மற்றப் பிள்ளைகள் பட்டமளிப்பு உடுப்புக்கு அளவு கொடுக்கும்போதுதான் தெரியவரும்.

இதைவிட மோசம் பாடத் தெரிவு. முன்பு எட்டாம் வகுப்பிலேயே அக்கடமிக்கா அப்ளைடா என்று ஒரு படிவத்தில் குறிக்கவேண்டும். 'அப்ளைட்' என்றால் செய்முறைப் படிப்பு, நல்லதுதானே என்று கையெழுத்து வைத்த அம்மா அப்பாக்கள் எத்தனை பேர்! அது பல்கலைக்கழக வாசலை மூடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2021இல் கணிதத்துக்கும் 2022இல் மற்றப் பாடங்களுக்கும் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து தெரிவுகள் இன்னும் இருக்கின்றன. நேற்று அதே வழியால் போன ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை பக்கத்தில் இருந்து, இந்தப் பாடத்தை எடுத்தால் அந்தக் கதவு மூடும் என்று சொன்னால் அது ஒரு கிரெடிட்டைவிடப் பெரிது.

வன்னியன்

ரீச்சர், நீங்கள் சொல்வது தகவல். தகவலைக் கொடுக்க ஒரு கூட்டம் போதும், தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் போதும். ஆளுக்கொரு அண்ணன், அக்கா என்று உறவை உண்டாக்குவது வேறு. அந்த உறவு அறுந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவிடும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பைப் பற்றி 1995இல் வந்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருள் தொடங்குவது 46 சதவீதம் குறைவு, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விடும் நாட்களும் பாதியாகக் குறைந்தன. உண்மைதான். ஆனால் அதே தரவை ஆய்வாளர்கள் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் திரும்பப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த சோடிகளில்தான் பெரும் நன்மை. மூன்று மாதத்துக்குள் முறிந்த சோடிகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போயிருந்தது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கைவிடப்பட்ட பிள்ளைக்குக் கைவிடுவதற்கு இன்னொரு ஆளைத் தேடிக்கொடுக்கிறோம்.

உங்கள் வழிகாட்டிகள் யார்? பல்கலைக்கழக மாணவர்கள். டிசம்பரில் சோதனை, ஏப்ரலில் சோதனை, மே மாதம் வேலை. எத்தனை பேர் அடுத்த செப்டெம்பரில் இருப்பார்கள்? சில சங்கங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையே இதற்குப் போடுகின்றன. 40 மணிநேரம் நிரம்பியதும் அவர்களைக் காணக் கிடைக்காது.

கார்த்தி (மிசிசாகா)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் தமிழ்நாட்டுப் பக்கம், பொருளாதாரம் படித்தவன். இரண்டு பேரும் பாத்வேஸை வைத்துப் பேசுவதால் அதன் ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட திட்டங்களில் முதல் சந்தேகம், ஏற்கெனவே முயற்சி உள்ள பிள்ளைகள்தான் சேர்ந்திருப்பார்கள் என்பது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பிலிப் ஓரியோபௌலோஸும் அவருடன் சேர்ந்தவர்களும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சேர்ந்தவர்களை மட்டும் எடுக்காமல், ரீஜன்ட் பார்க் அரசு வீடுகளில் இருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளை எல்லாம் கணக்கில் எடுத்தார்கள். நகரத்தின் மற்ற அரசு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளோடு, 2001க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பள்ளியை முடிப்பதும் மேற்படிப்பில் சேர்வதும் சில கணக்குகளில் 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. பிறகு அதே பிள்ளைகள் வளர்ந்தபின் வரிப் பதிவுகளைப் பார்த்தார்கள். வருமானம் 19 சதவீதம் அதிகம், அரசு உதவித்தொகை வாங்குவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சமூகத் திட்டங்களில் இவ்வளவு பெரிய பலன் அபூர்வம்.

ஆனால் ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் நான்கும் சேர்ந்தே கிடைத்தது. டியூஷனா, பணமா, உதவியாளரா, வழிகாட்டியா, எது வேலை செய்தது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. வழிகாட்டியால்தான் என்று சுடரும் சொல்ல முடியாது, வழிகாட்டியால் ஒன்றுமில்லை என்று வன்னியனும் சொல்ல முடியாது.

வன்னியன்

தனியே வழிகாட்டியை மட்டும் வைத்துச் சோதித்திருக்கிறார்களே, கார்த்தி. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் காசு கொடுத்து நடத்திய பள்ளிக்கூட வழிகாட்டித் திட்டத்தை மதிப்பிட்டு 2009இல் அறிக்கை வந்தது. படிப்பிலோ நடத்தையிலோ மொத்தத்தில் சொல்லும்படியாக ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு அந்தக் காசை நிறுத்திவிட்டார்கள்.

பழைய கதை இன்னும் கசப்பானது. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சமர்வில் ஆய்வு. 506 பையன்கள், பாதிப்பேருக்கு வீடு தேடி வந்து அக்கறையோடு கவனிக்கிற ஆலோசகர், சராசரி ஐந்தரை வருடம். ஆய்வாளர் ஜோன் மக்கோர்ட் முப்பது வருடம் கழித்து, 1978இல் முடிவை எழுதினார். கவனிக்கப்பட்ட பையன்களின் நிலை பல விஷயங்களில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. நல்ல மனதோடு செய்தது.

கார்த்தி (மிசிசாகா)

2009 அறிக்கை நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் பற்றியது. ஒரே ஒரு கல்வியாண்டு, அதிலும் சராசரியாக ஆறு மாதம்கூடச் சந்திக்கவில்லை. ஹைஸ்கூல் முடிப்பதைப் பற்றி அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

மக்கோர்ட் ஆய்வு வேறு. அதை லேசாக ஒதுக்க மாட்டேன். பின்னாளில் அவரும் மற்றவர்களும் தேடியபோது, கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. சிக்கலில் உள்ள பையன்களை ஒரே இடத்தில் குவித்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. சுடர், உங்கள் மண்டபத்துக்கு இது நேராகப் பொருந்தும். தடுமாறுகிற பிள்ளைகளை மட்டும் அழைத்து ஒரு மண்டபத்தில் உட்கார வைக்காதீர்கள்.

இரவுவேலை_அப்பா

நான் அதிகம் எழுதுவதில்லை. ஒரு தகப்பனாக ஒன்று சொல்கிறேன்.

என் மூத்தவன் பத்தாம் வகுப்பில் வகுப்புக்குப் போகாமல் விட்டான். பிள்ளை வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் இருந்து பதிவு செய்த குரலில் பின்னேரம் அழைப்பு வரும். ஆங்கிலத்தில். அந்த நேரம் நான் வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவேன், மனைவி வேறு வேலையில். அவனே அதை அழித்துவிடுவான். மூன்று மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்துதான் தெரியும். எனக்கு ஆத்திரம், அவனுக்கு என் மேல் ஆத்திரம், வீட்டில் கதை இல்லை.

எங்கள் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடியில் ஒரு தம்பி, கல்லூரியில் மின்சார வேலை படித்தவர். அவராகவே என் மகனைப் பிடித்தார். இரண்டு வருடமாக வியாழக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், அவனோடு இருப்பார். என்னோடு கதைக்காத பிள்ளை அவரோடு கதைத்தான். ஒரு வருடம் பிந்தி டிப்ளோமா எடுத்தான், இப்போது அதே தொழிலில் இருக்கிறான். வன்னியன் தம்பி, ஆய்வுகளில் என்ன இருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்தது இது.

வன்னியன்

ஐயா, உங்கள் மகன் முடித்தது எனக்கும் சந்தோஷம். அந்தத் தம்பியைக் கும்பிடவேண்டும். ஆனால் அவர் ஒரே கட்டிடத்தில் இருந்தார், யாரும் அனுப்பாமல் வந்தார், இரண்டு வருடம் நின்றார். அப்படிப்பட்ட முப்பது பேரை ஒரு சங்கத்தால் படிவம் கொடுத்துத் தேடி எடுக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. அதோடு பாருங்கள், உங்கள் வீட்டில் முதலில் உடைந்தது என்ன? பிள்ளை வரவில்லை என்ற செய்தி உங்களிடம் வந்து சேரவில்லை. வராத அன்றே ஒருவர் தமிழில் உங்கள் கைப்பேசிக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் மூன்று மாதம் போயிருக்காது. என் யோசனை அதுதான். இருபதினாயிரத்தையும் அந்த ஒரு ஆளுக்கு, பகுதி நேரச் சம்பளமாகக் கொடுங்கள்.

தேன்மொழி ரீச்சர்

இதில் வன்னியனோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். 2003–04இல் ஒன்ராறியோவில் நூற்றுக்கு 68 பிள்ளைகள்தான் ஹைஸ்கூலை முடித்தார்கள். ஏழெட்டு வருடத்தில் அது 80ஐத் தாண்டியது. 2006இல் 18 வயதுவரை படிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது, சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நடந்த பெரிய மாற்றம், ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் தடுமாறும் பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பார்க்க ஒரு ஆசிரியரை வைத்தது. தோற்ற பாடத்தை முழுதாகத் திரும்பப் படிக்காமல், விட்ட பகுதியை மட்டும் செய்து கிரெடிட்டை மீட்கவும் வழி வந்தது. தரம் இறங்கிவிட்டது என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதினேழு வயதில் வெறுங்கையோடு வெளியே போன பிள்ளைகளைக் கண்ட எனக்கு அந்தத் திட்டு ஏறாது.

மிச்சக் கால்வாசி இது. செய்தி சொல்ல ஒரு ஆளை வைத்துவிடலாம். செய்தி வந்தபின் வீட்டில் நடக்கிற சண்டையில் பிள்ளையின் பக்கம் நிற்க யார்? அந்த ஆசிரியரால் முடியாது, அவர் கையில் அத்தனை பிள்ளைகள். எங்கள் சமூகத்தில் 1990களின் கடைசியில் இளைஞர் குழுச் சண்டைகள் நடந்தபோது, கன்டிட் என்ற தமிழ் இளைஞர் மையத்தைத் தொடங்கியது இருபது வயதுக்காரர்கள்தான். பெரியவர்கள் நோட்டீஸ் அடித்து நிறுத்திய சண்டை இல்லை அது.

சுடர் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு கூட்டத்தில் இப்படி வைக்கப்போகிறேன். முப்பது பிள்ளை வேண்டாம், பன்னிரண்டு. காசில் பெரும்பங்கு தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பகுதிநேர ஆளுக்கு. பெற்றோர் கையெழுத்து வைத்தால் அவர் பள்ளிக்கூடத்தோடு கதைத்து வருகையையும் கிரெடிட் கணக்கையும் பார்ப்பார். மிச்சம் பஸ் காசுக்கு. வழிகாட்டியாக வருகிறவர் இரண்டு வருடத்துக்கு ஒப்புக்கொள்ளவேண்டும், முடியாதென்றால் ரியூசன் மட்டும் சொல்லிக் கொடுக்கலாம். மண்டபத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று பிரிக்கமாட்டோம். ஆனால் வழிகாட்டியை விடமாட்டேன், வன்னியன். அந்தத் தகப்பன் எழுதியதை வாசித்தபின் விடமுடியாது.

வன்னியன்

இரண்டு வருடம் போதாது. ஒன்பதில் தொடங்கினால் பன்னிரண்டு முடியும்வரை நாலு வருடம். பாத்வேஸ் பிள்ளையை இடையில் விடுவதில்லை. இரண்டாம் வருடத்துக்கான காசு வங்கியில் இருக்கிறது என்று பொருளாளர் காட்டட்டும், அதற்குப் பிறகு முதல் பிள்ளையைச் சேருங்கள். காட்டினால் வருகையைப் பார்க்கிற வேலைக்கு செவ்வாயும் வியாழனும் சம்பளமில்லாமல் நான் வருகிறேன். காட்டாவிட்டால் ஞாயிறு கூட்டத்தில் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.

தேன்மொழி ரீச்சர்

கூட்டம் எத்தனை மணிக்கு? கிரெடிட் கணக்கு எப்படிப் பார்ப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொண்டுவருகிறேன். இரவுவேலை அப்பா, ஒன்பதாம் மாடித் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரமுடியுமா?